சலூன் மாடியில் குடியேறியவள்

ஹிமி துறைமுகத் தெருவில் தெய்ஜியின் சலூனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தலைக்காக வருவதில்லை, முகத்துக்காக வருகிறார்கள் என்பார்கள். முடி வெட்டுவது தெய்ஜி. சவரம் அவன் மனைவி கயோகோ. உப்புக்காற்றில் காய்ந்து தடித்த வலைக்காரர்களின் தாடையில் அவள் கத்தி போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. சூடான துண்டை முகத்தில் போட்டாளானால் சண்டைக்கு வந்தவனும் குறட்டை விடுவான்.

உலகப் போர் முடிந்த மறு வருஷம் அவளுக்குக் கல்யாணம். மாமியார் மூன்றே வருஷத்தில் போய்ச்சேர்ந்தாள். தெய்ஜி கைநீட்டுகிற ஆள் இல்லை. குடித்தால் பேசாமல் தூங்கிவிடுவான். ஒரே மகன் பள்ளிப் படிப்பை முடித்து ஒசாகாவுக்கு வேலைக்குப் போனதில் மாடியறை காலியாகிக் கிடந்தது. நாற்பத்தோரு வயதில் கயோகோவைப் பார்த்து 'இவளுக்கு என்ன குறை' என்று யாராவது கேட்டிருந்தால், அவளும் கூட நின்று யோசித்திருப்பாள்.

மகன் போன பிறகு திங்கட்கிழமைகள் நீளமாகிவிட்டன. திங்கள் சலூனுக்கு விடுமுறை. ஊர்ப் பொதுக்கூடத்தில் உரானோ டீச்சர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு எழுத்துக் கூட்டம் நடத்துவதும் அன்றைக்குத்தான். டீச்சர் பெண்கள் பள்ளியில் 'நல்ல மனைவி, அறிவுள்ள தாய்' என்று முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் அந்தப் பாடத்தின் மேல் அவருக்கே என்னவோ கோபம் வந்துவிட்டது.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அரண்மனைப் பொம்பளைங்க, எட்டிப் பாக்காத புருஷனைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதி வெச்சாங்க," என்றார் டீச்சர் முதல் நாளே. "அவங்களுக்குப் பட்டுத்துணி, வாசனைக் காகிதம். நமக்கு அடுப்பும் மீன் வாடையும். அதனால என்ன? உங்க வீட்டுல ஒரு காலை வேளை. அதை எழுதிக்கிட்டு வாங்க."

கயோகோ மத்தி மீன் உருண்டை போட்டு, புளிக்கவைத்த சோயா விழுதில் மிசோ சூப் வைப்பதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தாள். அது அவளுக்கு நன்றாக வரும். மீனை ஆய்வது, அரைப்பது, உருண்டை உடையாமல் கொதியில் விடுவது என்று முதல் பக்கம் அப்படியே போயிற்று. இரண்டாம் பக்கத்தில், கதையில் வந்த பெண் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிப் புருஷன் முன்னால் வைக்க வேண்டிய இடத்தில், தன் முன்னால் வைத்துக்கொண்டாள். கயோகோ பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தாள். எழுத்துப் பிழை போலத்தான் இருந்தது. திருத்தலாம் என்று நினைத்தாள். ஆனால் அதற்குள் அந்தப் பெண் சூடாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். முழுக்கச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னையிலேர்ந்து நான் உங்க பொண்டாட்டி இல்லைங்க. மாடியில குடியிருக்கேன்," என்று சொல்லிவிட்டு மெத்தையைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். கதை அங்கேயே முடிந்தது. அதற்கு மேல் கயோகோவுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று கதையில் வரும் புருஷனை, வீட்டுத் தரையில் பதிக்கும் தடித்த தாதாமிப் பாய் தைக்கிறவனாக மாற்றிவிட்டாள்.

கூட்டத்தில் அதைப் படித்து முடித்ததும் பன்னிரண்டு பெண்களில் ஐந்து பேர் அவள் கையைப் பிடித்து அழுதார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மாதம் சைக்ளோஸ்டைல் செய்து தைத்த பத்திரிகையில் அது முதல் பக்கத்திலேயே வந்தது. நூறு பிரதிகள். ஹிமி போன்ற ஊரில் நூறு பிரதி என்றால் எல்லோரும் படித்ததற்குச் சமம்.

முதலில் வந்த வினை பாய்க்காரரிடமிருந்து. ஊரில் பாய் தைப்பவர் ஒருவர்தான். அவருக்கு வயது அறுபத்தேழு, மனைவி இறந்து எட்டு வருஷம். "என் பொண்டாட்டி மாடிக்குப் போகல, மேலேயே போயிட்டா. அவளைப் போய் இப்படி எழுதலாமா?" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெரு சலூனுக்கு மாறிவிட்டார். மற்றவர்கள் மாறவில்லை. ஆனால் கயோகோ கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டு நெருங்கும்போது, முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் இப்போது ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

தெய்ஜி கதையைக் கடையிலேயே, வாடிக்கையாளர் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து படித்தான். படித்து முடித்துப் பத்திரிகையைப் பழைய வார இதழ்களோடு அடுக்கி வைத்தான்.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் கயோகோ.

"மீன் உருண்டை நல்லா வந்திருக்கு," என்றான்.

அதோடு சரி. கேலியா, பாராட்டா, கோபமா என்று அன்று முழுக்க அவன் முதுகைப் பார்த்துப் பார்த்து யோசித்தாள். முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நவம்பர் கடைசியில் கடல்மேல் இடி இடித்தது. புரி என்ற பெரிய குளிர்கால மீனை விரிகுடாவுக்குள் விரட்டி வரும் இடி அது. அது இடித்தால், வலைபோட்டு மீன்பிடி நடத்தும் வலைவீடுகளில் யாருக்கும் தூக்கம் இல்லை. அப்படி ஒரு காலையில், கடை திறக்கும் முன், ஹமடா வலைவீட்டு இரண்டாவது மருமகள் மசுமி பின்வாசலில் ஒரு மூட்டையோடு நின்றாள். இருபத்தெட்டு வயது. மீன் கடைத் தெருவில் பார்த்தால் தலைகுனிந்து போவாளே தவிர, கயோகோவோடு நாலு வார்த்தை பேசியது கிடையாது.

"அக்கா, மாடி காலியா இருக்கா?"

"காலியாத்தான் இருக்கு. யாருக்கு?"

"எனக்குத்தான்."

கயோகோ அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். காயம் ஒன்றும் தெரியவில்லை.

"அடிச்சாரா?"

"இல்லக்கா."

"வேற எவளாவது?"

"சேச்சே. அதுக்கெல்லாம் அவருக்கு ஏது நேரம்?"

"மாமியாரா?"

"மாமியார் எப்பவும் போலத்தான்."

"பின்ன என்னம்மா?"

மசுமி அவளை விநோதமாகப் பார்த்தாள். "நீங்களே இப்படிக் கேக்கிறீங்களேக்கா. எழுதினது நீங்கதானே?"

கயோகோ அவளை அடுப்பருகில் உட்காரவைத்தாள். மசுமியே மெதுவாகச் சொன்னாள். "ஆறு வருஷமா எல்லாரும் சாப்பிட்டு எழுந்திரிச்சப்புறம் அடுப்பாண்ட உக்காந்து சாப்பிடுறேன். சோறு ஆறியிருக்கும்னே எனக்குத் தெரியாது. அதான் சோறுன்னு நினைச்சேன். உங்க கதையைப் படிச்சுட்டு அன்னிக்கு ஒரு வாய் வெச்சேன். சில்லுனு இருந்துச்சு. அதுக்கப்புறம் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

அப்பா வீட்டுக்குப் போ என்று சொல்லலாம். மலையடிவாரத்தில் இருக்கிறது அவள் பிறந்த வீடு. அங்கே போனால் மறுநாளே சம்பந்தி வீட்டுச் சீராக ஒரு பெரிய மீனையும் இவளையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கயோகோ மூட்டையை வாங்கி மாடிப்படியில் வைத்தாள். வைத்த பிறகுதான், தான் சம்மதித்துவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

தெய்ஜி மேலே நடமாடும் சத்தத்தைக் கேட்டான். "யாரு?"

"ஹமடா வீட்டு மசுமி. மாடியில இருக்கப்போறாளாம்."

தெய்ஜி கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அப்புறம் என்ன ஆகும்?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"எழுதினது நீதானே?"

ஒரே நாளில் இரண்டு பேர் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை மூவருக்கும் சேர்த்துச் சமைத்தாள். பழக்கப்படி தெய்ஜிக்கு வைத்தாள், விருந்தாளி என்பதால் மசுமிக்கு வைத்தாள். ஊறுகாய் எடுக்க எழுந்தாள், தேநீருக்குத் தண்ணீர் வைக்க எழுந்தாள், முள்ளங்கியைக் கிளறப் போனாள். திரும்பி வந்தபோது மசுமி சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, பிடிக்கலையா?"

"நீங்க உக்காரலையேக்கா."

"நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன். நீ சாப்பிடு, ஆறிடும்."

சொன்ன வார்த்தை அவள் காதிலேயே போய் விழுந்தது. மசுமி தலைகுனிந்துகொண்டாள். தெய்ஜி சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். கயோகோ அவசரமாகத் தன் கிண்ணத்தை எடுத்து வந்து உட்கார்ந்தாள். முள்ளங்கி தீய்ந்தது. எழுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததில் மூன்று பேர் சோறும் ஆறிப்போயிற்று.

இருபது வருஷமாகத் தானும் கடைசியில்தான் சாப்பிடுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. எழுதவும் எழுதினாள். ஆனால் எழுதியபோது அந்தப் பெண் தான் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தாலும், 'ஆமாம், நான்தான்' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியவில்லை. 'இல்லை' என்றும் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் மசுமியின் புருஷன் குனியோ சவரத்துக்கு வந்தான். பெரிய உடம்பு, கப்பல் கயிறு மாதிரி கழுத்து. வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கயோகோ நுரை தடவினாள். மேலே மசுமி நடந்தாள், பலகை கிறீச்சிட்டது. குனியோவின் கண் கூரைக்குப் போய் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே நகர்ந்தது. கயோகோ கத்தியைத் தூக்கிக்கொண்டு, அவன் கண் நிற்கும்வரை காத்திருந்தாள்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். தாடையில் மழிக்க ஒன்றும் இல்லை. நான்காம் நாள் துண்டை எடுத்ததும் கேட்டான்.

"அண்ணி, அந்தக் கதையில அந்த ஆளு என்ன தப்பு பண்ணினான்?"

"எந்த ஆளு?"

"பாய்க்காரன். ரெண்டு தடவை படிச்சேன். அவன் ஒண்ணுமே பண்ணலையே. சும்மா உக்காந்திருக்கான். நானும் ஒண்ணும் பண்ணலை அண்ணி."

"அவன் ஒண்ணும் பண்ணலைதான் தம்பி," என்றாள் கயோகோ.

"அப்ப நான் என்ன பண்ணணும்? ஏதாவது பண்ணினா வந்துடுவாளா?"

அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. வலையில் ஓட்டை எங்கே என்று கேட்கிற மாதிரி கேட்டான். கயோகோவுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. மேலே இருக்கிறவள்மேலும் இரக்கமாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாமா என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

"நீங்க மேல போய் அவளையே கேக்கலாமே தம்பி."

"அம்மா கூடாதுன்னுட்டாங்க. ஹமடா வீட்டு ஆம்பளை சலூன் படி ஏறிப் பொண்டாட்டியைக் கெஞ்சினான்னு ஊரு சொல்லிடுமாம்." கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாற்காலியில உக்காந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவன் அம்மா தோரா அம்மாள் அதற்கடுத்த வாரம் தானே வந்தாள். கடை நிறைய ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, விசேஷத்துக்கு உடுத்தும் கறுப்புக் கிமோனோவில், முன்வாசல் வழியாக. காத்திருந்த நான்கு பேரும் ஆளுக்கொரு பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்கள்.

"ஏம்மா சலூன்காரம்மா, என் மருமக என் பேச்சைக் கேக்க மாட்டா, புருஷன் பேச்சைக் கேக்க மாட்டா, பெத்தவன் பேச்சையும் கேக்க மாட்டா. நீ எழுதினதை மட்டும்தான் கேப்பா. சரிதானே?"

"அப்படியெல்லாம் இல்லைங்கம்மா..."

"மாடிக்குப் போனான்னு எழுதினே, போயிட்டா. இப்ப இறங்கி வந்தான்னு எழுது. வந்துடுவா. முடிச்சுப் போட்டவதானே அவிழ்க்கணும்? நாங்க வலைக்காரங்க. அது எங்களுக்குத் தெரியும்."

பத்திரிகைகளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். தோரா அம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகும்போது வாசலில் நின்று குரலைத் தணித்துச் சொன்னாள்: "நான் மட்டும் என்ன, சூடாவா தின்னேன்? நாப்பத்தஞ்சு வருஷம். எனக்கு யாரும்மா கதை எழுதினா?"

அதுதான் கயோகோவைத் தூங்கவிடவில்லை. கிழவி திட்டிவிட்டுப் போயிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

அவள் நிஜமாகவே எழுத உட்கார்ந்தாள். 'அவள் இறங்கி வந்தாள்' என்று எழுதுவது ஒரு நிமிஷ வேலை. எழுதினாள். ஆனால் இறங்கி வந்தவள் எங்கே உட்காருவாள்? பாய்க்காரன் என்ன சொல்வான்? அவன் ஊசியும் கையுமாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். ஒரு தாளில் அவனை அழவைத்துப் பார்த்தாள், பொய்யாக இருந்தது. ஒரு தாளில் அவனே சாப்பாட்டை மாடிக்குக் கொண்டுபோனான். படியிலேயே தட்டைக் கொட்டிவிட்டான். ஒரு தாளில் அவள் இறங்கி நேரே தெருவுக்குப் போய்விட்டாள்; அதைப் பார்த்துக் கயோகோ பயந்து கிழித்துப்போட்டாள். நாலாவதில் அவள் இறங்கி வந்து அடுப்பை மூட்டினாள், அவ்வளவுதான்.

நாலாவதை எடுத்துக்கொண்டு மாடிக்கு மசுமியிடம் போனாள். மசுமி அதற்குள் மீன் உலர்த்தும் கொட்டகையில் கூலிக்குச் சேர்ந்திருந்தாள். கையெல்லாம் மத்திச் செதில். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கயோகோ படித்துக் காட்டியதை முழுக்கக் கேட்டாள்.

"நல்லா இருக்குக்கா. இவ இறங்கட்டும். பாவம், அந்த மாடியில குளிரு வேற."

"அப்ப நீ?"

"நானா?" மசுமிக்குக் கேள்வி புரிய நேரம் ஆயிற்று. "நான் இவ இல்லையேக்கா. இவ பாய்க்காரன் பொண்டாட்டி."

"என் கதையைப் படிச்சுத்தான் வந்தேன்னு சொன்னியே?"

"ஆமா. பஸ்ஸைப் பாத்தா ஏறிக்கிறோம். பஸ்ஸு திரும்பிப் போச்சுன்னா நாமளும் திரும்பணுமா?"

கயோகோ தாளை மடித்துக்கொண்டு கீழே வந்தாள். தோரா அம்மாளுக்குக் கொடுத்த வாக்கு என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டாள். பிப்ரவரி இதழில் வந்தது. தோரா அம்மாள் பத்துப் பிரதி வாங்கி உறவுக்காரர்களுக்கு விநியோகித்தாள். மருமகள் வரவில்லை. எழுத்துக் கூட்டத்திலோ, முதல் கதைக்கு அவள் கையைப் பிடித்து அழுத ஐந்து பேர் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "எங்களை மாடி வரைக்கும் ஏத்திட்டு நீங்க ஏணியை எடுத்துட்டீங்க," என்றாள் ஒருத்தி. அவள் தன் வீட்டில் எந்த மாடியும் ஏறியதாகக் கயோகோவுக்குத் தெரியாது. உரானோ டீச்சரிடம் கயோகோ, நான் செய்தது சரியா தப்பா என்று கேட்டாள்.

"முதல் கதை உண்மை," என்றார் டீச்சர்.

"ரெண்டாவது?"

"அதுவும் உண்மையா இருக்குமோன்னுதான் எனக்குப் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றினார்.

பனி இளகத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை மத்தியானம். கடை மூடியிருந்தது. தெய்ஜி வரிசையாகக் கத்திகளைப் பரப்பிச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். கயோகோ துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கயோ, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அந்தப் பாய்க்காரன் நானா?"

நான்கு மாதம் கழித்துக் கேட்கிறான். அவள் கையிலிருந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"தெரியலைங்க."

"தெரியலைன்னா?"

"நிஜமாவே தெரியலை. எழுதும்போது நீங்க நினைப்புலயே இல்ல. இல்லாததுதான் கொஞ்சம்..."

தெய்ஜி ஒரு கத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "உனக்கு மாடி வேணும்னா என்கிட்டச் சொல்லு. மெத்தையை நானே தூக்கிட்டுப் போய்ப் போட்டுத் தரேன். டீச்சர் பத்திரிகையில படிச்சுத் தெரிஞ்சுக்கிற மாதிரி வெச்சுடாதே. கடையில ஆளுங்க முன்னாடி முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல எனக்கு."

நல்ல வார்த்தைதான். அப்படிச் சொல்கிற புருஷன் அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை. அதைக் கேட்டதும் அவளுக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். வந்துவிட்டது. மடித்த துண்டுகளை அப்படியே தரையில் போட்டுவிட்டு, "மெத்தையை நீங்க ஏன் தூக்கணும்? எனக்குக் கை இல்லையா?" என்றாள்.

அவன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். இரண்டு பேருமே, இப்போது யார் யாரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு அவன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். அவளும் குனிந்தாள். தரை ஈரம், எல்லாவற்றையும் மறுபடி துவைக்க வேண்டியிருந்தது.

மார்ச் மாதக் கடைசியில் மசுமி கிளம்பினாள். தகாஓகாவில் ஒரு மருத்துவமனைச் சமையல்கட்டில் வேலை, தங்க இடமும் உண்டு. விவாகரத்துப் படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாக இருவரின் பெயர் முத்திரையும் விழ வேண்டும். குனியோ வழக்கம்போல வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சவரம் முடியும்வரை பேசாமல் இருந்து, பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்துக் கண்ணாடி மேடையில் வைத்தான். முத்திரை குத்தியிருந்தான்; கொஞ்சம் சாய்ந்திருந்தது. கூடவே ஒரு பொட்டலம். பிரித்தால் அவளுடைய குளிர்காலக் கோட்டு.

"இதை விட்டுட்டுப் போயிட்டா. தகாஓகாவுல பனி அதிகம்," என்றான்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக, அவன் கடையில் இருக்கும்போதே மசுமி படியில் பாதிவரை இறங்கி வந்தாள். அங்கே நின்றே குனிந்து வணங்கினாள். குனியோ எழுந்து நின்று வணங்கினான், கழுத்தில் துணியோடு. கயோகோ இரண்டு பேருக்கும் நடுவில் கத்தியோடு நின்றாள். தானும் வணங்க வேண்டுமா என்று தெரியாமல் வணங்கிவிட்டாள்.

மசுமி மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சில வருஷத்தில் அந்தச் சமையல்கட்டுக்குத் தலைவியாகிவிட்டாள். புத்தாண்டுக்கு அட்டை வரும். 'நலம், முந்நூறு பேருக்குச் சமைக்கிறேன்' என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது. சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டுக் கயோகோ இரண்டு தடவை கடிதம் எழுதி இரண்டு தடவையும் அனுப்பாமல் வைத்துக்கொண்டாள். குனியோவுக்கு மறுமணம் ஆயிற்று. புது மருமகள் வந்த பிறகு அந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். தோரா அம்மாளே வந்து சொன்னாள், புகார் சொல்கிற குரலில்.

கயோகோ மேலும் பதினொரு கதைகள் எழுதினாள். ஒன்றிலும் யாரும் வீட்டைவிட்டுப் போகவில்லை. அவற்றை யாரும் பெரிதாகப் படிக்கவுமில்லை. கிளிஞ்சல் பொறுக்குவதைப் பற்றி எழுதினாலும், "இதுல அந்தம்மா எப்ப மாடி ஏறும்?" என்று நாற்காலியிலிருந்து யாராவது கேட்பார்கள். தெய்ஜி எல்லாவற்றையும் பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு அடுக்கில் வைப்பான். மாடிக்கு அவள் போகவில்லை. போகாதது விருப்பப்பட்டா, வழக்கத்தாலா என்று கேட்டால் அவளிடம் பதில் கிடையாது.

பன்னிரண்டு வருஷம் கழித்து தொயாமா நகரத்திலிருந்து பெண்கள் சங்கத்தார் கடிதம் போட்டார்கள். பழைய சைக்ளோஸ்டைல் பத்திரிகை யார் கையிலோ கிடைத்திருந்தது. அந்தத் தைரியமான கதையை எழுதியவர் வந்து பேச வேண்டும். கயோகோவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். அறை முழுக்கப் பெண்கள், பாதிப் பேர் கையில் நோட்டுப் புத்தகம். மேடையேறி, வணங்கி, "நான் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷமா எங்க வீட்டுக்காரர் கடையில சவரம் பண்றேன்," என்று ஆரம்பித்தாள். ரயிலில் யோசித்து வைத்த எதுவும் நினைவுக்கு வரவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கட்டைமுடி, கூர்மையான முகம்.

"அப்படின்னா நீங்க உங்க வீட்டுக்காரரை விட்டுட்டுப் போகவே இல்லையா?"

"இல்லைங்க."

"போகணும்னு நினைச்சீங்களா?"

"அது எனக்குத் தெரியலைங்க."

"பின்ன எதுக்கு அந்தக் கதையை எழுதினீங்க?"

"அது தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்," என்றாள் கயோகோ.

மன்னிப்புக் கேட்கிற தொனியில்தான் சொன்னாள். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோருமே தட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டார்கள். கேட்ட பெண் மட்டும் தட்டாமல், ஏமாற்றமா மரியாதையா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு உட்கார்ந்தாள். கயோகோ அந்த முகத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஒன்றுதான் தெரிந்த முகம் போல இருந்தது.

திரும்பும் ரயிலில் கூட்டமில்லை. செருப்பு கடித்த இடத்தில் கொப்புளம். கழற்றி இருக்கைக்குக் கீழே வைத்தாள். வண்டி கிளம்பும் சமயம், பெரிய பையோடு ஒரு பெண் கதவருகில் வந்து, "அம்மா, இந்த வண்டி ஹிமி போகுமா?" என்று கேட்டாள். கயோகோ தன் யோசனையில் இருந்தவள், "போகும், போகும்," என்றாள். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு ஏறி அடுத்த பெட்டிப் பக்கம் போனாள்.

இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. தகாஓகாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். மாறாவிட்டால் இது நேரே எங்கேயோ கொண்டுபோய்விடும். அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தாள். பைதான் நினைவில் இருந்தது, முகம் இல்லை. வேறு யாராவது அவளுக்குச் சொல்லியிருப்பார்கள். சொல்லாமலும் இருக்கலாம். அவளுக்கே தெரிந்திருந்தால் ஏன் கேட்கப்போகிறாள்?

கயோகோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, ஆடுகிற வண்டியில் இருக்கை முதுகுகளைப் பிடித்தபடி, அடுத்த பெட்டிக்கு அவளைத் தேடிக்கொண்டு போனாள்.